நூற்று முப்பத்தேழு முதல் நூற்று எழுபத்தேழு வரை

நான் எழுதிய கதையை யாரும் பார்க்க வேண்டியதில்லை என்ற செய்தியை எனக்குச் சொன்னவர், மாதம் ஒருமுறை என் நரைக்குச் சாயம் பூசுகிற நெகிஷி சான். ஓயிசுமி ரயில் நிலையத்துக்குப் பின்னால் இரண்டே நாற்காலி போட்ட சின்ன அழகு நிலையம் அவருடையது. ஹனாவா மிட்சுயே என்கிற நான் ஏதோ எழுதிப் பிழைக்கிறவள் என்பது அவருக்குத் தெரியும். என்ன எழுதுகிறேன் என்று அவர் கேட்டதில்லை. எங்கள் பேட்டையில் தெருவுக்கு நாலு பேர் அனிமே என்கிற கார்ட்டூன் படங்களில் வேலை செய்கிறவர்கள். அதனால் யாரும் யாரையும் அதிசயமாக விசாரிப்பதில்லை.

அன்று தலை முழுக்கச் சாயம் அப்பி, பிளாஸ்டிக் உறை மாட்டி, அரை மணி நேரம் அசையக்கூடாது என்று உட்கார்த்தி வைத்திருந்தார். பேச்சோடு பேச்சாக, தானும் மகளும் கோடை முழுக்க 'மூன்று ஆறுகளின் வாள்' பார்த்து முடித்ததாகச் சொன்னார். முந்நூற்றுச் சொச்சம் எபிசோடு, நடுவில் இரண்டு சினிமா, எதற்குப் பின் எது என்று புரியாமல் முதலில் மலைத்துப் போனார்களாம். பார்க்கும் வரிசை என்று ஒரு பட்டியல் கிடைத்ததால் தப்பித்தார்களாம்.

எனக்கு உள்ளூரச் சந்தோஷம். அந்தத் தொடரில் நாற்பத்தோரு எபிசோடு நான் தனியாக எழுதியது. வெட்கத்தை விட்டு, உப்பளத்துக் கதை பிடித்ததா என்று கேட்டேன்.

"உப்பளமா? அப்படி ஒண்ணும் வரலயே," என்றார் நெகிஷி சான். கொஞ்சம் யோசித்து, "ஆங், ஒரே ஒரு எபிசோடுல யாரோ ஒரு பொம்பள உப்புக் குவியலைத் தோண்டி வாளை எடுத்துக் குடுத்துட்டு அழுவா. அவ யாரு, எங்கேர்ந்து வந்தா, ஒண்ணும் புரியல. ஆனாலும் எங்க ரெண்டு பேருக்கும் கண்ணுல தண்ணி வந்துடுச்சு" என்றார்.

அந்தப் பட்டியலைக் காட்டச் சொன்னேன். கைபேசியில் எடுத்துக் கொடுத்தார். யாரோ ரசிகர் போட்டதாக இருக்கும் என்றுதான் நினைத்தேன். அப்படிப்பட்ட பட்டியல்கள் ஆயிரம் உண்டு. முதல் சினிமாவை எண்பத்தெட்டுக்குப் பிறகு பார்ப்பதா, அது திரைக்கு வந்த காலப்படி நூற்றிருபதுக்குப் பிறகு பார்ப்பதா என்று இருபது வருடமாக அடித்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் இது தொடரின் சொந்தப் பக்கம். இருபத்தைந்தாம் ஆண்டுக்காக வெளியிட்டது. மேலே, 'இயக்குநர் நிஷினா ஹருஹிகோ தாமே வகுத்த வரிசை' என்று போட்டிருந்தது.

ஒன்று முதல் எண்பத்தெட்டு. பிறகு முதல் சினிமா. எண்பத்தொன்பது முதல் நூற்று முப்பத்தாறு. அதற்குக் கீழே சாம்பல் நிறத்தில் ஒரு வரி: 'நூற்று முப்பத்தேழு முதல் நூற்று எழுபத்தேழு வரை, மூலக் கதைக்காகக் காத்திருந்த காலத்தில் எடுத்தவை. விட்டுவிடலாம். நூற்று எழுபத்தொன்றை மட்டும் பார்க்கவும்.'

எழுந்து போக முடியவில்லை. தலையில் சாயம். கண்ணாடியில் பிளாஸ்டிக் உறையோடு என் முகம். மீதி இருபது நிமிடமும் அந்தச் சாம்பல் வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். நெகிஷி சான் தலையை அலசும்போது தண்ணீர் சூடாக இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். சூடாகத்தான் இருந்தது.

அந்த நாற்பத்தொன்று எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். தொடர் ஒரு சித்திரக்கதையைத் தழுவி எடுத்தது. கென்னோசுகே என்ற நாடோடி சாமுராய், தன் எஜமானனைக் கொன்ற ஆளைத் தேடி மூன்று ஆறுகளைக் கடந்து போகிறான். அதை வாராவாரம் வரைந்தவர் ஓகுரா; சென்செய், அதாவது ஆசான், என்றுதான் அவரை அழைப்போம். 2001 கோடையில் அவருடைய வலது மணிக்கட்டு மடங்காமல் போயிற்று. ஒரு வருடம் பேனா தொடக்கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். நாங்கள் அவர் குதிகாலை ஒட்டியே வந்துகொண்டிருந்தோம். மூலக் கதை நின்றால் எங்களுக்கு எடுக்கக் கதை இல்லை. ஞாயிறு மாலை ஆறரை மணியை ஒரு வாரம் விட்டால் போதும், தொலைக்காட்சிக்காரர்கள் அந்த நேரத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள்.

ஆகஸ்ட் மாதம், வேர்த்து ஒழுக, கையில் ஒரு தர்ப்பூசணியோடு நிஷினா என் வீட்டுக்கு வந்தார். நான் அப்போது தொடரின் நாலைந்து எழுத்தாளர்களில் ஒருத்தி. மற்ற எல்லாரும் கைவிரித்துவிட்டார்களாம். பாயில் உட்கார்ந்தவர் முன்னால் குனிந்து, நெற்றி பாயில் படும்வரை வணங்கினார். ஒன்றும் இல்லாத இடத்திலிருந்து பத்து மாதத்துக்குக் கதை வேண்டும். கதாநாயகன் எஜமானனைக் கொன்றவனைச் சந்திக்கக்கூடாது, யாரையும் கொல்லக்கூடாது, சாகக்கூடாது, கல்யாணம் பண்ணிக்கொள்ளக்கூடாது. சென்செய் திரும்பி வரும்போது விட்ட இடத்திலேயே நிற்க வேண்டும்.

எனக்கு அப்போது வேறொரு வேலை கைகூடி வந்திருந்தது. ரயில் நிலையத்தில் தொலைந்துபோன பொருட்களைக் காத்து வைக்கிற ஒரு பெண்ணைப் பற்றி நானே உண்டாக்கிய கதை. இன்னொரு கம்பெனி எடுப்பதாகச் சொல்லிவிட்டது. அதையும் அவரிடம் சொன்னேன். அவர் நிமிரவில்லை.

"இதை எவனும் இட்டு நிரப்பினதுன்னு சொல்ல நான் விடமாட்டேன், ஹனாவா சான்," என்றார். "என் உயிர் இருக்கறவரைக்கும் விடமாட்டேன்."

அந்தக் கம்பெனியிடம் ஒரு வருடம் பொறுக்கச் சொன்னேன். அவர்கள் பொறுக்கவில்லை. என் கதைப்பெண் தொலைந்த பொருட்களோடு என் மேசை இழுப்பறையிலேயே கிடந்தாள்.

நான் கென்னோசுகேவை செட்டோ என்ற உள்கடலோரம் ஓர் உப்பளக் கிராமத்துக்கு அனுப்பினேன். அங்கே உப்புக் காய்ச்சுகிற பெண்களின் தலைவி ஒரிக்கு. கிராமத்துக்குள் வாள் கூடாது என்று அதை வாங்கி வைத்துக்கொள்கிறாள். அவன் அங்கேயே தங்கி, மணலை வாரி, விறகு சுமந்து, உப்புக் காய்ச்சுகிறான். கிளம்பும் பருவம் வரும்போது அவன் போகக்கூடாது என்று அவள் வாளை உப்புக் குவியலில் புதைத்துவிடுகிறாள். நூற்று எழுபத்தொன்றில் தானே தோண்டி எடுத்து, துருப்பிடித்ததை அவன் கையில் கொடுக்கிறாள். அதுதான் நெகிஷி சான் பார்த்தது. ஓகுரா சென்செய் மணிக்கட்டு சரியாகித் திரும்பியபோது அந்தத் துரு அவருக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. தன் சித்திரக்கதையிலேயே அதைச் சேர்த்துக்கொண்டார். கடைசிச் சண்டையில் வாள் உடைவது அந்தத் துருப்பிடித்த இடத்தில்தான். அதனால்தான் அந்த ஒன்றை மட்டும் பட்டியலிலிருந்து எடுக்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சிகாகேவைக் கூப்பிட்டேன். சுகிமோரி சிகாகே, ஒரிக்குவுக்குக் குரல் கொடுத்தவள். என்னைவிடப் பத்து வயது இளையவள். அந்தப் பத்து மாதத்தில்தான் நெருங்கிய தோழிகளானோம். அவளுடைய விவாகரத்துக் காகிதத்தில் சாட்சியாக முத்திரை வைத்தவள் நான். பட்டியலைப் பற்றிச் சொன்னதும் அவள் கொதித்துப் போவாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ மெதுவாக, தனக்கு ஏப்ரலிலேயே தெரியும் என்றாள்.

தெரியும் என்பது மட்டுமல்ல. அந்தப் பட்டியலுக்கான விளம்பரத்தில் பேசியதே அவள்தான். அவசரப் பயணிகளுக்கு ஒரிக்கு வழி காட்டுகிற மாதிரி எழுதிக் கொடுத்தார்களாம். நான் ஊட்டி வளர்த்த ஒரிக்கு, தன் குரலிலேயே, என் நாற்பது எபிசோடையும் தாண்டிப் போகச் சொல்லியிருக்கிறாள்.

"நிஷினா சான் உங்ககிட்ட சொல்லிட்டேன்னுதான் சொன்னார், மிட்சுயே சான்," என்றாள்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"கேட்டா, அவர் சொல்லலைன்னு சொல்லிடுவீங்களோன்னு பயம்."

அவளே தொடர்ந்து, எல்லாருக்கும் தெரியும் என்றாள். ஒலிப்பதிவுக்காரர், இசை போட்டவர், பின்னணி வரைந்தவர்கள், எல்லாருக்கும். ஜூனில் பழைய குழு கூடிச் சாப்பிட்டபோது அதைப் பற்றிப் பேச்சு வந்ததாம். அந்த விருந்துக்கு நானும் போயிருந்தேன். நான் வந்து உட்கார்ந்ததும் அவர்கள் பேஸ்பால் பேச்சுக்கு மாறியிருக்கிறார்கள். நிஷினா எனக்குப் பீர் ஊற்றினார். அன்று எல்லாரும் என்னிடம் அத்தனை அன்பாக இருந்தார்கள். வயதாகிவிட்டதால் மரியாதை கூடிவிட்டது என்று எண்ணிக்கொண்டு வீடு வந்திருந்தேன்.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. நிஷினாவும் நானும் அப்போது சேர்ந்து வேலை செய்துகொண்டிருந்தோம். மூன்றாவது சினிமாவுக்கு நான்தான் திரைக்கதை எழுத வேண்டும் என்று முந்தின வருடமே கேட்டிருந்தார். மாதம் இரண்டு முறை ஷாகுஜி பூங்காவுக்கு எதிரே ஒரு காபிக்கடையில் சந்திப்போம். அவர் முட்டை சாண்ட்விச்சை ஓரம் ஓரமாகக் கடித்தபடி என் பக்கங்களைப் படிப்பார். ஏப்ரலில் இரண்டு சந்திப்பு, மே மாதம் இரண்டு, ஜூனில் இரண்டு, அப்படியே ஆகஸ்ட் வரை. ஒன்றில்கூட அந்தச் சாம்பல் வரியைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை.

மறுநாள் காலை புத்தகக் கடைக்குப் போய் இருபத்தைந்தாம் ஆண்டு மலரை வாங்கினேன். எனக்கு ஒரு பிரதி அனுப்பியிருக்க வேண்டும், வரவில்லை. ஏன் வரவில்லை என்று நாற்பத்திரண்டாம் பக்கத்தில் தெரிந்துவிட்டதாக நினைத்தேன். நிஷினாவின் நீண்ட பேட்டி. உப்பில் புதைத்த வாளைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். 'அது மட்சுயாமா போகும் ரயிலில் எனக்குத் தோன்றியது' என்று சொல்லியிருக்கிறார். 'கடலோரம் ஏதோ வெள்ளையாகக் குவித்து வைத்திருந்தார்கள். இதற்குள் ஒரு வாள் இருந்தால் என்ன ஆகும் என்று நினைத்தேன்.'

கடையிலேயே நின்றுகொண்டு இரண்டு முறை படித்தேன். நாற்பதைத் தூக்கிப் போட்டது ஒரு பக்கம். எனக்கென்று மிச்சம் வைத்த ஒன்றையும் அவர் எடுத்துக்கொண்டுவிட்டார்.

பழைய வரைவுகள் என்னிடம் பெட்டியில் உண்டு. நூற்று எழுபத்தொன்றின் முதல் வரைவைத் தேடி எடுத்துக்கொண்டு மதியமே ஸ்டூடியோவுக்குப் போனேன். நிஷினா தன் அறையில் தனியாக இருந்தார். பட்டியலைப் பார்த்தேன் என்று மட்டும் சொன்னேன். எழுந்து கதவைச் சாத்தினார். மன்னிப்புக் கேட்பார் என்று நினைத்தேன். அவர் விளக்கம் சொன்னார்.

தொடரை இணையத்தில் காட்டுகிற தளத்துக்காரர்கள் கணக்கோடு வந்தார்களாம். புதிதாகப் பார்க்கிறவர்களில் பாதிப்பேர் நூற்று நாற்பதுக்குள் விட்டுவிடுகிறார்களாம். வாளை எடுக்காத சாமுராயைப் பத்து மாதம் பார்க்க இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லையாம். சுருக்கமான வரிசை ஒன்று கொடுக்காவிட்டால் மூன்றாவது சினிமாவே சந்தேகம் என்றார்களாம். யாரோ முகம் தெரியாதவன் வெட்டுவதைவிடத் தானே வெட்டினால் நூற்று எழுபத்தொன்றையாவது காப்பாற்றலாம் என்று நினைத்தாராம்.

அதில் பொய் எதுவும் இருக்காது. நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்.

"வெட்டறதுக்கு முன்னாடி அதுங்கள ஒரு தடவை போட்டுப் பாத்தீங்களா?"

"நாப்பத்தொண்ணையுமா? எங்க நேரம், ஹனாவா சான்?"

"ஒண்ணு ரெண்டாவது?"

அவர் மேசை மேலிருந்த காகிதங்களை அடுக்கத் தொடங்கினார்.

பிறகு வரைவை அவர் முன்னால் வைத்தேன். வாளை உப்பில் புதைக்கும் இடத்தில், ஓரத்தில், அவருடைய சிவப்புப் பென்சில்: 'இது வேண்டாம். வாளை உப்பில் போட்டால் ஜனங்கள் சிரிப்பார்கள். ஊறுகாயா போடுகிறாள்?' அன்றைக்கு அதற்காக மூன்று நாள் சண்டை போட்டோம். கடைசியில் அலுத்துப்போய் விட்டுக்கொடுத்தார்.

மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். அது தன் கையெழுத்துத்தான் என்றார். அவர் முகத்தில் திருட்டுத்தனம் எதுவும் இல்லை. அதுதான் என்னை நிலைகுலைய வைத்தது.

"ரயில், கடல், அந்த வெள்ளைக் குவியல் எல்லாம் எனக்கு அப்படியே கண்ணுல நிக்குது," என்றார். "நான் பொய் சொல்லல. எனக்கு அப்படித்தான் ஞாபகம் இருக்கு."

மட்சுயாமா ரயிலில் போனது நான். உப்பளம் பார்க்கப் போய்விட்டு வந்து, ஜன்னலில் என்ன கண்டேன் என்று அவரிடம் சொன்னதும் நான். இருபத்து மூன்று வருடத்தில் என் பயணம் அவருடையதாகிவிட்டது. திருடியிருந்தால் திருப்பிக் கேட்டிருப்பேன். தன்னுடையது என்று நம்புகிறவரிடம் என்ன கேட்பது?

மலரின் அடுத்த பதிப்பில் திருத்திவிடுவதாகச் சொன்னார். மூன்றாவது சினிமாவை நான் எழுதப் போவதில்லை என்றேன். கோபத்தில் முடிவெடுக்காதீர்கள், ஒரு வாரம் கழித்துப் பேசுவோம் என்றார். வாசல்வரை வந்து, நான் செருப்பு மாட்டும்வரை நின்றார். நானும் வழக்கம்போல் குனிந்து வணங்கிவிட்டுத்தான் வந்தேன். முப்பது வருடப் பழக்கம், முதுகு தானாக வளைந்துவிடுகிறது.

அடுத்த இரண்டு வாரம் நான் ஒரு வேலையும் செய்யவில்லை. காலையில் துணி துவைத்துக் காயப் போட்டுவிட்டு, நூற்று முப்பத்தேழிலிருந்து வரிசையாகப் போட்டுப் பார்த்தேன். முதன்முதலில் ஒளிபரப்பானபோது நான் எதையும் சரியாகப் பார்த்ததில்லை. அடுத்ததை எழுதிக்கொண்டிருப்பேன். நடுநிலையாகச் சொல்வதென்றால், எல்லாமே நன்றாக இல்லை. நூற்று நாற்பத்தைந்தில் ஒரு கரடி வருகிறது, அது ஏன் வருகிறது என்று எனக்கே தெரியவில்லை. நூற்று ஐம்பத்து நாலு முழுக்கப் பழைய காட்சிகளை ஒட்டிப் போட்டது, அந்த வாரம் எனக்குக் காய்ச்சல். அவற்றில் பன்னிரண்டு பதிமூன்று எபிசோடுகளை நானே வெட்டியிருப்பேன். ஆனால் உப்புக் காய்ச்சும் பெண்கள் வரி கட்ட மறுத்து அடுப்புகளை அணைக்கிற நாலு எபிசோடு இருக்கிறது. கென்னோசுகே செத்துப்போன எஜமானனின் முகம் தனக்கு மறந்துவிட்டது என்று ஒரிக்குவிடம் ஒப்புக்கொள்கிற நூற்று அறுபத்திரண்டு இருக்கிறது. அதைப் பார்த்த பிறகு நான் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டுச் சமையலறையில் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். அதை இயக்கியது நிஷினாதான். கென்னோசுகே பேசி முடித்ததும் காமிரா அவன் முகத்தை விட்டுவிட்டு அவன் கையிலிருக்கும் உப்புக் கரண்டிக்குப் போகிறது. அது என் வரைவில் இல்லை, அவர் சேர்த்தது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், இருவரும் அந்தக் காபிக்கடையில் உட்கார்ந்து, நானே பதினைந்தோ இருபதோ வெட்டிக் கொடுத்திருப்பேன். மிச்சத்துக்காக மூன்று நாள் சண்டையும் போட்டிருப்பேன்.

ஒரு வாரம் கழித்து அவர் கூப்பிட்டார். மாட்டேன் என்று மறுபடியும் சொன்னேன். தயாரிப்பாளர் கூப்பிட்டார். பிறகு யாரும் கூப்பிடவில்லை. திரைக்கதை வேறொருவர் கைக்குப் போயிற்று. அதில் ஒரிக்கு வருகிறாள் என்று செய்தியில் படித்தேன். அவளை வைத்து எழுத என் சம்மதம் தேவையில்லை. அவள் கம்பெனியின் சொத்து என்று நான்தான் 2001-இல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

மலரின் இரண்டாம் பதிப்பு டிசம்பரில் வந்தது. இந்தத் தடவை ஒரு பிரதி தபாலில் அனுப்பியிருந்தார்கள். ரயில் அப்படியே இருந்தது. மட்சுயாமா அப்படியே இருந்தது. பேட்டியின் அடியில், படிக்கக் கண்ணாடி தேவைப்படும் எழுத்தில், 'இந்தக் காட்சியை உருவாக்க எழுத்தாளர் ஹனாவா மிட்சுயேவும் உதவினார்' என்று சேர்த்திருந்தார்கள். அதை எழுத்தாளர் சங்கத்துக்கு எடுத்துப் போகலாம் என்று ஒரு நண்பர் சொன்னார். வரைவின் நகல்கூட எடுத்து வைத்தேன். அப்புறம் அந்தச் சிவப்புப் பென்சிலை நாலு பேர் நடுவில் மேசை மேல் வைத்து, அவர் முகத்தைப் பார்த்துப் பேச எனக்குத் தெம்பில்லை என்று தெரிந்தது. புத்தாண்டுக்கு நிஷினாவிடமிருந்து வாழ்த்து அட்டை வந்தது. எல்லா வருடமும் போல, தன் கையால் வரைந்த கென்னோசுகே. நான் பதில் போடவில்லை.

இப்போது மழலையருக்கான காலை நிகழ்ச்சி ஒன்றுக்குப் பத்து நிமிடக் கதைகள் எழுதுகிறேன். ஒரு குட்டிக் கீரிக்குப் பல் விளக்கச் சோம்பல். முன்னும் பின்னும் எதுவும் தெரியாமல் எதை வேண்டுமானாலும் பார்க்கலாம்.

சிகாகே மூன்று முறை கடிதம் எழுதினாள். மார்ச்சில் போய்ச் சந்தித்தேன். அவளுக்குப் பிடித்த சோபா நூடுல்ஸ் கடையில் இருவரும் சாப்பிட்டோம். அவள் அழுதாள், விளம்பரத்துக்குக் குரல் கொடுத்த அன்று வீட்டுக்குப் போய்ச் சாப்பிடவில்லை என்றாள். நம்பினேன். என் தட்டில் இருந்த இறால் வறுவலில் ஒன்றை எடுத்து அவள் தட்டில் வைத்தேன். மாதம் ஒருமுறை பார்த்துக்கொள்கிறோம். பேச விஷயத்துக்குக் குறைவில்லை. அவளுடைய முழங்கால் வலி, என் மேல்வீட்டுக்காரரின் பியானோ, ஒரு மணி நேரம் ஓடிவிடுகிறது. இழுப்பறையில் கிடந்த, தொலைந்த பொருட்களைக் காக்கிற அந்தப் பெண்ணை மறுபடியும் எடுத்து எழுதத் தொடங்கியிருக்கிறேன் என்பதை மட்டும் அவளிடம் சொல்லவில்லை. முன்பெல்லாம் அவளிடம்தான் முதலில் சொல்வேன்.